பத்துப் பிள்ளைகளுக்குப் பதினோரு தம்ளர்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர் என் சித்தி. அம்மாவின் தங்கை என்பதால் எனக்குச் சித்தி. ஊருக்கெல்லாம் அவர் ஏன் சித்தி ஆனார் என்று யாரும் யோசித்ததில்லை. காப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் சித்தி என்கிறார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களும் சித்தி என்கிறார்கள். பேரனைக் கூட்டிப்போக வரும் தாத்தா ஒருவர், பல் செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டு, "சித்தி இருக்காங்களா?" என்று கேட்பார். அவர் கண்டிப்பாகச் சித்தியின் அப்பா வயதுக்காரர்.

சித்தி குள்ளம். நடை வேகம், பார்வை எப்போதும் தரையில். காலடியில் ஏதாவது ஒரு பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. கடைத்தெருவிலும் அப்படியே நடப்பார். எதிரே வருகிற சொந்தக்காரர்களைப் பார்க்காமல் கடந்துபோய், "பார்த்தும் பார்க்காத மாதிரி போறா" என்று பேர் வாங்குவார். அந்தப் பேரைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. மூக்கு ஒழுகாத ஆட்களிடம் அவருக்குப் பெரிதாக வேலை கிடையாது.

முன்பு ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருநாள் அவசரமாக ஓடிவந்து, "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பாப்பாவைப் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டுக் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. பாப்பா பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் தம்பி வந்தான், பிறகு நர்ஸின் தோழி பிள்ளை, தோழியின் தோழி பிள்ளை என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. சலவைக் கடைக்காரர் இன்றைக்கும் பார்க்கும் இடத்திலெல்லாம், "லீவு முடிஞ்சுதா?" என்று கேட்பார்.

பிள்ளை வளர்ப்பு பற்றி யாராவது அறிவுரை கேட்டால் சித்தி கையை விரித்துவிடுவார். "எனக்கென்ன தெரியும். நான் சாயந்திரம் திருப்பிக் குடுத்துடறேன்ல. ராத்திரி வச்சிருக்கறது நீங்கதானே."

அவரிடம் ஒரு கிறுக்கு உண்டு. காப்பகத்துக்கு எதை வாங்கினாலும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று வாங்குவார். பத்துப் பிள்ளைகள் என்றால் பதினோரு தம்ளர், பதினோரு மெத்தை, பை மாட்ட பதினோரு கொக்கி. உடைந்தால் கிழிந்தால் ஆகும் என்று வாங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் கூடுதல் தம்ளரும் மற்றவற்றோடு சேர்ந்து தினமும் கழுவப்படும். கூடுதல் மெத்தையும் வெயிலில் காயும்.

தலை எண்ணும்போதும் அதே கதை. வாசலுக்குப் போய்வந்தால், சாப்பிட உட்கார்ந்தால், தூங்கி எழுந்தால் ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணுவார். பத்தாவது தலையில் கை இருக்கும்போது வாய் "பதினொண்ணு" என்று முடிக்கும். கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குப் போனபிறகு, அலமாரியைத் திறந்து பார்ப்பார், மெத்தை அடுக்கைத் தூக்கிப் பார்ப்பார், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "யாரு உள்ள?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுவார். காப்பகத்தில் கூட வேலை பார்க்கும் ரேடியோ அக்கா இதைப் பார்த்து, "பத்துப் பேரையும் என் கையாலதான் செருப்பு மாட்டி அனுப்பினேன். இன்னும் யாரைத் தேடறீங்க?" என்று கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார். ரேடியோ அக்காவே அலுத்துப்போகிற விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் அது எவ்வளவு பழையதாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வாய் தூங்கும்போது மட்டும்தான் ஓயும் என்பார்கள். அதையும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை.

சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் போல அந்தப் 'பதினொண்ணு' எங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்துகொண்டே இருந்ததால் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் உரிமப் பிரச்சினை வந்து சேர்ந்தது. சட்டம் மாறிவிட்டது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் அரசாங்கத்திடம் உரிமம் வாங்கவேண்டும். சித்தியின் கூடத்தை ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, இந்த இடத்துக்குப் பத்துப் பிள்ளைகள், அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லித் தற்காலிகக் கடிதம் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடிதத்தின் காலம் முடியப்போகிறது. இனி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் உரிமம். இல்லையென்றால் அன்றோடு கதவைச் சாத்தவேண்டியதுதான்.

அடுத்த தெருவில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. சோதனைக்கு வந்த அன்று கணக்குக்கு மேலிருந்த பிள்ளைகளை மாடி அறையில் வைத்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சத்தம் போடவில்லை, பாவம். ஒன்றுக்கு இருமல். அதிகாரி அண்ணாந்து பார்த்தாராம். இப்போது அந்த வீட்டு வாசலில் பூட்டுத்தான் தொங்குகிறது. அங்கே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தர் வேலையை விட்டுவிட்டார்.

"நம்மகிட்ட என்ன இருக்கு மறைக்க? பத்துன்னா பத்து" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு டயர் கடையில் வேலை. உரிமத்துக்கான விதிகள் புத்தகத்தை அவர்தான் உரக்கப் படித்தார். மேசை முனைகள் கூராக இருக்கக்கூடாது என்று வந்ததும் அவர் கண் பளிச்சென்றது. மறுநாள் சைக்கிளில் ஒரு மூட்டை பழைய ட்யூப் வந்து இறங்கியது. மேசை, நாற்காலி, அலமாரி, ஜன்னல் விளிம்பு, கதவு விளிம்பு என்று வீட்டில் முனை என்று பேர் வைத்த எல்லாவற்றுக்கும் கறுப்பு ரப்பரை வெட்டி ஒட்டினார். வட்ட மேசை ஒன்று இருந்தது. அதற்கு முனையே கிடையாது. அதற்கும் ஒட்டினார்.

"என்னங்க, வீடு லாரி மாதிரி இருக்கு" என்றார் சித்தி.

"லாரி மோதினாலும் இப்ப ஒண்ணும் ஆகாது."

"வாசனை?"

"கொஞ்ச நாள்ல போயிடும்."

"உங்க சட்டைலேர்ந்தே இத்தனை வருஷமா போகலையே."

மருந்துகள் உயரத்துக்குப் போயின. ப்ளக் ஓட்டைகளுக்கு மூடி வந்தது. சோப்புத் தண்ணீர், பினாயில் எல்லாம் பூட்டுக்குள் போயின. மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்துபோகிற இடைவெளி வேண்டும் என்று விதி. சித்தி தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். ஒருவர் காலை ஒருவர் தொட்டுக்கொண்டு தூங்கிப் பழகிய பிள்ளைகள், தீவு தீவாகப் படுக்கச் சொன்னதும் முழித்துக்கொண்டு கிடந்தன. பசை என்று நாங்கள் கூப்பிடுகிற பையன், யாராவது ஒருவர் காலில் ஒட்டிக்கொண்டே இருப்பவன், தன் தீவிலிருந்து உருண்டு உருண்டு அடுத்த தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். சித்தி தூக்கிவந்து போட்டார். மறுபடி உருண்டான். கடைசியில் சித்தியே இரண்டு தீவுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் துணி மடித்தார். உட்கார்ந்திருக்கும் பெரியவர் இடைவெளியில் சேருவாரா என்று புத்தகத்தில் இல்லை.

ஒத்திகையும் நடந்தது. சித்தப்பா சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, கக்கத்தில் பழைய காலண்டர் அட்டையைச் செருகிக்கொண்டு, தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

"வணக்கம். நான் அரசாங்கத்துலேர்ந்து வரேன்."

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார், இப்பதான் துடைச்சேன்" என்றார் ரேடியோ அக்கா.

"அதிகாரிகிட்ட இப்படியா பேசுவ?"

"அதிகாரி செருப்புல மட்டும் மண் ஒட்டாதா?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"சித்தியைக் கூப்பிடுவேன்."

"தீப்பிடிச்சா?"

"சித்தியைக் கூப்பிடுவேன்."

"சித்திக்கே ஏதாவது ஆயிட்டா?"

ரேடியோ அக்கா துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். இது அபூர்வம். "அப்ப உங்களைத்தான் கூப்பிடணும். எதுக்கும் சித்தி நல்லா இருக்கட்டும் சார்."

தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். பஸ் டிரைவர் மகள். நாலு வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுக்கு வக்கீல் என்று பேர். "இது இன்ஸ்பெக்டர் இல்ல. சித்தப்பா."

"இன்னிக்கு இன்ஸ்பெக்டர்" என்றார் சித்தி.

"நாளைக்கு?"

"நாளைக்கு டயர் கடை."

"அப்ப நெஜ இன்ஸ்பெக்டர் நாளைக்கு எந்தக் கடை?"

சித்தப்பா அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார். "மொத்தம் எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?"

சித்தி தலைகளைத் தொட்டுக்கொண்டு போனார். "பதினொண்ணு" என்றார்.

சித்தப்பா காலண்டர் அட்டையில் ஒரு டிக் போட்டார். அங்கே இருந்த எங்களில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

அதிகாரி வந்த அன்று யாரும் கதவைத் தட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரேடியோ அக்கா விடிந்ததிலிருந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். பருத்த, அமைதியான அம்மா ஒருவர் தோள்பையோடு படியேறினார். செருப்பை யாரும் சொல்லாமலே கழற்றி ஓரமாக வைத்தார். ரேடியோ அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது.

கூடத்துக்குள் வந்ததும் அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. "இங்க வண்டி ஏதாவது நிறுத்தறீங்களா?"

"இல்ல மேடம், பாதுகாப்பு" என்றார் சித்தப்பா. அன்று கடைக்கு அவர் லீவு.

அதிகாரி வட்ட மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழாயில் வெந்நீர் எவ்வளவு சுடுகிறது என்று ஒரு கருவியை நீட்டிப் பார்த்தார். மருந்து அலமாரிப் பூட்டை இழுத்தார். பின்கதவைத் திறந்து வெளியே போய், சுற்றிக்கொண்டு முன்கதவு வழியாக வந்தார். சாக்பீஸ் கோடுகளை அளந்தார். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு குறி. அது சரியா தப்பா என்று தெரியாமல் சித்தப்பா கழுத்தை நீட்டி நீட்டிக் கொக்கு மாதிரி ஆகிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விடப் போகிற நேரத்தில் அவர் தம்ளர் தட்டின் முன்னால் நின்றார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு கொக்கிகளைப் பார்த்தார். பிறகு மெத்தை அடுக்கைப் பார்த்தார். எங்கும் அதே எண்.

"எத்தனை பிள்ளைங்களுக்கு அனுமதி?"

"பத்து மேடம்."

"இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க?"

சித்தி பழக்கதோஷத்தில் உடனே தரையைப் பார்த்தார். வக்கீல் தலை, பசை தலை, நர்ஸ் மகன் தலை என்று தொட்டுக்கொண்டே போனார். கடைசித் தலையில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, "பதினொண்ணு" என்றார்.

இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"இங்க பத்துதான் இருக்கு" என்றார் அதிகாரி. குரல் உயரவில்லை. "பதினோராவது பிள்ளை எங்க?"

சித்தப்பாவின் முகம் அவர் ஒட்டிய ரப்பர் நிறத்துக்கு வந்தது. ரேடியோ அக்கா நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அது இல்லாத பிள்ளை மேடம், தினமும் தேடுவாங்க, கிடைக்காது" என்றார்.

அதைவிடப் பொருத்தமாக ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்க யாராலும் முடியாது.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். "நான் வீட்டைப் பார்க்கணும். எல்லா ரூமும்."

குளியலறை, சமையலறை, அரிசி டின் வைக்கும் இடுக்கு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு என்று பார்த்தார். பருத்த உடம்பை வளைத்து முட்டிபோட்டுப் பார்த்தார். பிறகு மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கையில் கரண்டியோடு ஒதுங்கி நின்றாள். அவர் கதவுக்குப் பின்னால் பார்த்தார். நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இருமலுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். அங்கே ஒரு ரப்பர் பல்லி இருந்தது. அது அங்கே இருந்ததற்குத் தனிக் காரணங்கள் உண்டு, அவற்றுக்கும் அதிகாரிக்கும் சம்பந்தமில்லை. அவர் அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதுவரை அந்தப் பல்லியிடம் யாரும் அப்படி நடந்துகொண்டதில்லை.

மறுபடி கீழே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பின்பக்கம் அழைத்துப்போகச் சொல்லி ரேடியோ அக்காவை அனுப்பினார்.

"இங்க பாருங்கம்மா. தம்ளர் பதினொண்ணு, கொக்கி பதினொண்ணு, மெத்தை பதினொண்ணு. நீங்களே வாயால பதினொண்ணுன்னு சொல்றீங்க. கூடுதலா ஒரு பிள்ளையை வச்சிருக்கீங்க, இன்னிக்கு வரவேணாம்னு சொல்லிட்டீங்க. நான் அப்படித்தான் எழுதணும். எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"மேடம், சத்தியமா..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"அவங்க சொல்லட்டும்."

சித்தி முந்தானையை விரலில் சுற்றினார். சொல்லாவிட்டால் கள்ளி என்று எழுதுவார்கள். சொன்னால் கிறுக்கி என்று எழுதுவார்கள். கிறுக்கியிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? இரண்டுக்கும் முடிவு வாசலில் ஒரு பூட்டுத்தான். அவர் அதை யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"பிள்ளை யாரும் இல்ல மேடம்" என்றார். "கணக்கு சரியா வந்துட்டா கண்ணு தேடறதை நிறுத்திடும். அதனால நான் ஒண்ணு கூட்டியே எண்ணுவேன். ஒரு ஆள் குறையுதேன்னு இன்னொரு தடவை பார்ப்பேன்ல. அதுக்குத்தான்."

"தம்ளர்?"

"எண்ணும்போது ஒருத்தரைச் சேர்த்துட்டு, தண்ணி குடிக்கும்போது விட முடியுமா?"

அதிகாரி எழுதவில்லை. "இந்தப் பழக்கம் எப்படி வந்தது?"

"எங்கம்மா தையல் பேக்டரில இருந்தாங்க. வேலை செய்யறவங்க பிள்ளைங்களை அங்கயே ஒரு ரூம்ல விட்டுடுவாங்க. பார்த்துக்க ஒரு ஆயாம்மா. ஒருநாள் நான் துணி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன், விளையாட்டுக்கு. எப்படியும் தேடுவாங்க, கண்டுபிடிப்பாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். ஆயாம்மா எண்ணினாங்க. அன்னிக்கு அவங்க அக்கா பையன் வந்திருந்தான், அவனும் வரிசையில நின்னுட்டான் போல. எண்ணி முடிச்சிட்டு, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னாங்க. லைட்டை அணைச்சாங்க. பூட்டினாங்க."

"நீங்க கூப்பிடலையா?"

"இல்ல மேடம்." சித்தி கொஞ்சம் வெட்கப்பட்டார். "சரியா இருக்குன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அப்ப நான் கணக்குலயே இல்ல போலன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு எங்கம்மா நெனச்சாங்க. அம்மாவே கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அவங்க நெனச்சாங்க. அப்புறம் வந்து திறந்தாங்க. ஒண்ணும் ஆகல. நல்லா தூங்கிட்டேன்."

இந்தக் கதை எங்கள் வீட்டில் புதிதல்ல. சித்தியை ஒருமுறை பேக்டரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள். சொந்தக்காரர்கள் கூடினால் சிரிப்பதற்காகச் சொல்கிற கதை. சித்தியும் சேர்ந்து சிரிப்பார். அந்த 'சரியா இருக்கு' மட்டும் அம்மா சொல்கிற கதையில் வந்ததில்லை. அதிகாரியின் பின்னாலேயே இறங்கிவந்து வாசற்படியில் கரண்டியோடு நின்றிருந்த அம்மா கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். பின்பக்கத்தில் ரேடியோ அக்கா பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"தினமும் தேடறீங்க. இதுவரைக்கும் யாராவது கிடைச்சிருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவைகூட?"

சித்தி யோசித்தார். "ஒரு தடவை பூனை."

"ஒரு தடவை நான்" என்றார் சித்தப்பா. "அலமாரிக்குப் பின்னால வயர் பார்த்துட்டு இருந்தேன்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. "நீங்க சொன்னது நம்பற மாதிரி இருக்கா இல்லையான்னு எழுத இதுல இடம் இல்லம்மா. எத்தனை பிள்ளைங்கன்னு எழுதத்தான் இடம் இருக்கு. அந்த நம்பரை இந்த இடத்தோட பொறுப்பாளர் சொல்லணும். நான் சொல்லித்தரக் கூடாது. இன்னொரு தடவை கேட்கறேன். பிள்ளைங்களைக் கூப்பிடுங்க, எண்ணிச் சொல்லுங்க. சொல்றதை எழுதிட்டுப் போயிடுவேன்."

பிள்ளைகள் உள்ளே வந்தன. சித்தி எழுந்தார். தொட்டார். ஒவ்வொரு தலையிலும் கை வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. உதடு அசைவது தெரிந்தது. கடைசியில் நின்றவன் பசை. அவன் அதற்குள் அதிகாரியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். சித்தி அவன் தலையில் கையை வைத்தார்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கை தலையில் இருந்தது. வாய் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்திக்கே தெரிந்திருக்காது. ஒரு பொய்யைச் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல அப்படி ஒருவர் திணறி அன்றுதான் பார்த்தேன்.

"பத்து" என்றார் சித்தி.

சொல்லிவிட்டு உடனே அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அதிகாரி எழுதினார். காலைப் பிடித்திருந்த பசையை ஒரு கையால் மெல்ல விடுவித்து, அவன் வேறொரு கால் தேடுவதற்குள் எழுந்துகொண்டார். "மேசைல ஒட்டின ரப்பரை எடுத்துடுங்க. பிள்ளைங்க கடிச்சிரும். அதுக்குன்னு விக்கிறது இருக்கு, அதை வாங்குங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா வட்ட மேசையின் ரப்பரை ஒருமுறை தடவினார்.

"தம்ளர் மேடம்?" என்று கேட்டார் சித்தி. "கூட இருக்கறதை எடுத்துடணுமா?"

"தம்ளரை எண்ணச் சொல்லி எனக்கு விதி இல்ல. நானாத்தான் எண்ணினேன்." பையைத் தோளில் மாட்டினார். "சாயந்திரம் தேடணும்னும் விதி இல்ல. தேடக்கூடாதுன்னும் இல்ல."

"அப்ப பாஸா மேடம்?" என்று ரேடியோ அக்கா வாசல்வரை பின்னாலேயே போனார்.

"தபால்ல வரும்."

தபால் வரும்வரை சித்தப்பா ரப்பரை உரித்தார். ஒட்டும்போது அவர் கடையின் நல்ல பசையை உபயோகித்திருந்தார். உரிக்க உரிக்க மேசையின் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. வட்ட மேசை இப்போது புள்ளிமான் மாதிரி இருக்கிறது. சித்தி எண்ணுவதை விடவில்லை. ஆனால் எங்களுக்குக் காது வந்துவிட்டது. அவர் 'பதினொண்ணு' என்றதும் அம்மா மாடியிலிருந்து ஒருதடவை எட்டிப் பார்ப்பாள். ரேடியோ அக்கா, "யாரு உள்ள?" என்று சித்திக்கு முன்னால் தானே கேட்டுவிட்டு, பதில் வராததற்கு அலமாரியைத் திட்டுவார். நானும் ஓரிரு தடவை தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பார்த்தேன். பல்லியை வைக்க நல்ல இடம். வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்கி எழுந்த நேரத்தில் தபால்காரர் வந்தார். பெரிய உறை. சித்தப்பா கடையில் இருந்தார். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். கெட்டித் தாள், கீழே முத்திரை, நடுவில் பத்துப் பிள்ளைகள் என்று அச்சடித்திருந்தது. ரேடியோ அக்கா அதை வாங்கி, படிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சேதி சொல்ல வாசலுக்குப் போய்விட்டார். பிறகு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

வக்கீல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "இது என்ன சித்தி?"

"நீங்கல்லாம் இங்க இருக்கலாம்னு எழுதியிருக்கு."

"நாங்க ஏற்கெனவே இருக்கோமே."

"அவங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

வக்கீல் யோசித்தாள். "அப்ப நேத்து வரைக்கும்?"

"நேத்து வரைக்கும் நான் சொன்னதால இருந்தீங்க."

வக்கீலுக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் மூலையில் நர்ஸ் மகன் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டு, தான் இல்லை என்பது போல நகர்ந்துகொண்டிருந்தான். சித்தி தாளை என் கையில் கொடுத்து, "மடிக்காம பிடிடா" என்று சொல்லிவிட்டு, துடைக்கிற துணியைத் தேடப் போனார்.